திரை முழுக்க ‘ஈ’ மொய்த்த விடி100: எட்டு மாதம் வைத்திருப்பவனின் விமர்சனம்

விற்றவர் அனுப்பிய படத்தில் திரை கறுப்பாக இருந்தது. மேலே இடது மூலையில் ஒரு சின்னக் கோடு, அதன் பக்கத்தில் 2 என்று ஒரு எண், கீழே ‘டெஸ்டட், வொர்க்கிங்’ என்று ஒரு வரி. கோடு கர்சர் என்று தெரியும். அந்த 2-ஐ அவர் ஏதோ தட்டிப் பார்த்தபோது விழுந்தது என்று நினைத்துக்கொண்டு பணத்தை அனுப்பிவிட்டேன். அது அவர் தட்டியதில்லை, டெர்மினலே தன் வாயால் சொன்ன குறை என்று பெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

சரி, பொருள் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், சுருக்கமாக டெக், 1978 ஆகஸ்டில் வெளியிட்ட விடி100 டெர்மினல். கணினி இல்லை, கணினியோடு பேசுகிற திரையும் கீபோர்டும் மட்டும். ஒரு முனையில் தட்டினால் எழுத்து சீரியல் கேபிள் வழியாக எங்கோ இருக்கும் பெரிய கணினிக்குப் போகும், அங்கிருந்து வருவதைத் திரையில் காட்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் இந்தக் காட்டுகிற வேலைக்கே உள்ளே ஒரு இன்டெல் 8080 உட்கார்ந்திருக்கிறது. 80 எழுத்து அகலம், 24 வரி. வேண்டுமானால் 132 எழுத்து அகலம். கூடுதல் வீடியோ போர்டு இல்லாத பெட்டி என்றால் 132-க்குப் போகும்போது 14 வரிதான் கிடைக்கும், நினைவகம் பத்தாது. வாங்கும்போது அந்தப் போர்டு இருக்கிறதா என்று கேளுங்கள், நான் கேட்கவில்லை, அதிர்ஷ்டவசமாக இருந்தது. இன்று நீங்கள் லினக்ஸிலோ மேக்கிலோ திறக்கிற கறுப்பு ஜன்னல் எல்லாமே ஏதோ ஒரு அளவுக்கு இந்தப் பெட்டியைப் போல நடிப்பதுதான், அதனால்தான் சேகரிப்பவர்கள் இதன் பின்னால் ஓடுகிறார்கள், நானும் ஓடினேன்.

பேக்கிங் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, சொன்னால் ரத்தக் கொதிப்பு ஏறும். பிக்சர் டியூப் உள்ள ஒரு பொருளை ஒற்றை அட்டைப் பெட்டியில், நாலு பக்கம் கசக்கிய காகிதம் வைத்து அனுப்பினால் அது முழுசாக வந்து சேர்வது யாரோ செய்த புண்ணியம். டியூபின் கழுத்து கண்ணாடிக் குழாய், அது ஒடிந்தால் மொத்தமும் குப்பை. கழுத்து பிழைத்தது. கீபோர்டில் ஒரு மூடி காணாமல் போயிருந்தது, பெட்டியின் அடியில் தேடி எடுத்தேன்.

கரண்ட் கொடுப்பதற்கு முன் இரண்டு விஷயம். பின்பக்கம் 115, 230 என்று மாற்றுகிற ஒரு சுவிட்ச் இருக்கிறது. பெட்டி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது, அதனால் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பிளக்கைத் தொட வேண்டும். இரண்டாவது, பவர் சப்ளையைத் திறந்து கண்ணால் ஒரு தடவை பார்ப்பது. அந்தக் காலத்துப் பவர் சப்ளைகளில் கரண்ட் உள்ளே நுழைகிற இடத்தில் இருக்கும் காகித கெப்பாசிட்டர்கள் வயதானால் மேல் உறை விரிசல் விட்டு, ஈரம் குடித்து, ஒருநாள் படாரென்று புகை விடும். என் பெட்டியில் ஒன்று மெல்லிய முடி மாதிரி விரிசலோடு இருந்தது, மாற்றினேன். மலிவான சாமான், அரை மணி நேர வேலை, ஆனால் விட்டிருந்தால் அறை முழுக்க அந்த நாற்றம் ஒரு வாரம் நின்றிருக்கும்.

போட்டேன். கீபோர்டு விளக்குகள் ஒரு தடவை எரிந்து அடங்கின, டியூப் சூடாகிற அந்த மெல்லிய சத்தம், கொஞ்ச நேரத்தில் கர்சர். கர்சரோடு அதே 2.

இங்கேதான் இந்தப் பெட்டியை நான் காதலிக்க ஆரம்பித்தேன் என்று சொன்னால் மிகையில்லை. விடி100 ஒவ்வொரு தடவை உயிர் பெறும்போதும் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. நாலு ரோம் சிப்பில் இருக்கிற நிரலைக் கூட்டிப் பார்த்துச் சரியான தொகை வருகிறதா என்று பார்க்கும், ரேமில் எழுதித் திரும்பப் படிக்கும், அமைப்புகளைச் சேமித்து வைத்திருக்கும் அழியாத நினைவகத்தைப் படிக்கும், கீபோர்டு பதில் சொல்கிறதா என்று கேட்கும். ரோமோ பிரதான ரேமோ போய்விட்டால் திரையில் எதையும் எழுத முடியாது, அதனால் கீபோர்டில் எல்1 முதல் எல்4 வரை இருக்கிற நாலு குட்டி விளக்குகளில் எது எரிகிறது என்பதை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த அளவுக்கு மோசமில்லாத குறை என்றால் திரையின் மூலையில் ஒரே ஒரு எழுத்து. 1 என்றால் கூடுதல் வீடியோ போர்டின் நினைவகம், 2 என்றால் அழியாத நினைவகத்தின் கூட்டுத்தொகை தப்பு, 4 என்றால் கீபோர்டு இல்லை அல்லது பேசவில்லை, 8 என்றால் சீரியல் தகவல் போய்த் திரும்பவில்லை. ஒன்றுக்கு மேல் குறை இருந்தால் கூட்டிக்கொள்ளும், 3 என்று வந்தால் 1-உம் 2-உம் சேர்ந்து போயிருக்கிறது. ஒற்றை எழுத்தில் ஒரு வைத்தியர் சீட்டு.

ஆக விற்றவரின் படத்தில் இருந்த 2, ‘எனக்கு ஞாபகமறதி’ என்று பெட்டி சொன்னது. உள்ளே இருக்கிற அந்த நினைவகச் சிப் 1400 பிட் பிடிக்கும், வெறும் 1400. அதில் எழுத மைனஸ் 23 வோல்ட் வேண்டும், அதற்கென்றே பவர் சப்ளையில் தனியாக ஒரு வரி ஓடுகிறது. பல வருஷம் கரண்டே இல்லாமல் கிடந்ததில் அது மறந்துபோயிருக்கலாம், அல்லது சிப்பே செத்திருக்கலாம். செட்-அப் கீயைத் தட்டினேன், அமைப்புகளைச் சரிசெய்தேன், ஷிஃப்ட் ‘எஸ்’ அழுத்திச் சேமித்தேன், அணைத்து அரை நிமிஷம் விட்டு மறுபடி போட்டேன். 2 போய்விட்டது. இன்றுவரை திரும்பி வரவில்லை.

இதில் ஒரு சின்ன வருத்தம் உண்டு. அந்த 1400 பிட்டில் 20 எழுத்துக்கு ஒரு ‘பதில் வாசகம்’ வைக்க இடம் இருக்கும், கணினி ‘யார் நீ’ என்று கேட்டால் டெர்மினல் சொல்ல வேண்டிய பெயர். பழைய பெட்டி வாங்குகிறவர்களுக்கு இது புதையல் மாதிரி, எந்த அலுவலகத்தின் எத்தனையாவது மேசையில் இருந்தது என்று அதில் தெரிந்துவிட வாய்ப்பு உண்டு. என்னுடையது எல்லாவற்றையும் மறந்துவிட்டு வந்திருந்தது. உங்களுடையதில் 2 வராவிட்டால், எதையும் சேமிப்பதற்கு முன் அதைப் படித்துப் பார்த்துவிடுங்கள். எப்படி என்று கீழே வருகிறேன்.

இப்போது ‘ஈ’ விஷயம். பெட்டியை லோக்கலில் போடுங்கள். செட்-அப் அழுத்தி, 4 அழுத்தி, மறுபடி செட்-அப் அழுத்தினால் லோக்கல் விளக்கு எரியும். இந்த நிலையில் நீங்கள் தட்டுவது கணினிக்குப் போகாது, நேராகத் திரைக்கே போகும். எஸ்கேப் கீ, அப்புறம் #, அப்புறம் 8. மூன்றே தட்டு. திரை முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஈ’ வந்து அப்பிக்கொள்ளும், 24 வரி, வரிக்கு 80, மொத்தம் 1920 ‘ஈ’. ஒரு இடம் விடாமல் ஈ மொய்த்த மாதிரி இருக்கும். டெக்கின் சொந்தக் கையேடே இந்தக் கட்டளையைப் பற்றி, தங்கள் உற்பத்திப் பிரிவும் களச் சேவை ஆட்களும் திரையின் ஃபோகஸையும் நேர்த்தியையும் சரிபார்க்கப் பயன்படுத்துவது என்று எழுதியிருக்கிறது. அதாவது தொழிற்சாலையில் ஒரு ஆள் பெட்டிக்குப் பெட்டி தட்டிய அதே மூன்று கீயை, அத்தனை வருஷம் கழித்து நான் தட்டுகிறேன். கணினி தேவையில்லை, தனியாகச் சோதனைக் கருவி தேவையில்லை, சோதனை பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அனுப்பும்போது அதை நீக்கிவிடவும் இல்லை. இப்போதே உங்கள் லினக்ஸ் கன்சோலிலோ, எக்ஸ்டெர்ம் என்கிற டெர்மினல் ஜன்னலிலோ அந்த மூன்றையும் அச்சடித்துப் பாருங்கள், ஃபோகஸ் செய்ய டியூபே இல்லாத அந்த ஜன்னலும் விசுவாசமாக ‘ஈ’ போடும்.

ஏன் ‘ஈ’ என்று எட்டு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இது என் கணிப்புதான்: மூன்று படுக்கைக் கோடு, ஒரு செங்குத்துக் கோடு, வளைவே கிடையாது. இடது ஓரத்தில் 24 ‘ஈ’யின் முதுகும் சேர்ந்து ஒரு நேர்கோடாகிவிடும், படம் சாய்ந்திருந்தாலோ வளைந்திருந்தாலோ கண் உடனே பிடித்துவிடும். படுக்கைக் கோடுகள் மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தால் ஃபோகஸ் நன்று, ஒன்றோடொன்று ஒட்டினால் இல்லை. செங்குத்துக் கோடு இன்னொரு கதை. எலெக்ட்ரான் கற்றை வலப்பக்கம் ஓடுகிற வேகத்தில் ஒற்றைப் புள்ளி எரிந்து அணைவதற்குள் முழு வெளிச்சம் வராது, அதனால் விடி100 ஒவ்வொரு புள்ளியையும் வலப்பக்கமாகக் கொஞ்சம் இழுத்து விடுகிறது. அப்படிச் செய்தும் செங்குத்து மங்கலாக இருந்தால் வீடியோ பகுதியில் ஏதோ கோளாறு. எல்லாத் தொழிற்சாலைக்கும் ‘ஈ’தான் என்றும் இல்லை. மானிட்டர்கள் எவ்வளவு ரேடியோ இரைச்சல் கிளப்புகின்றன என்று அளக்கிற சர்வதேசச் சோதனையில் திரை முழுக்க ‘ஹெச்’ ஓட விட்டார்கள். அதற்கும் முந்திய டெலிபிரிண்டர் காலத்தில் ‘ஆர்’, ‘ஒய்’ என்று மாற்றி மாற்றி அடிப்பார்கள், ஏனென்றால் அந்த ஐந்து பிட் குறியீட்டில் ஒன்றுக்கு மற்றது நேர் எதிர், 01010, 10101, இயந்திரத்தின் எல்லாப் பாகமும் ஒவ்வொரு எழுத்துக்கும் இடம் மாறியே தீர வேண்டும். ஏழு பிட் குறியீடான ஆஸ்கி வந்த பிறகு அதே வேலைக்கு ‘யூ’ எழுத்தும் நட்சத்திரக் குறியும்.

என் பெட்டியில் ‘ஈ’ மொத்தமும் வலப்பக்கம் கீழே இறங்கிச் சாய்ந்திருந்தது. வண்டியில் குலுங்கியதில் டியூபின் கழுத்தில் இருக்கும் சுருள், யோக் என்பார்கள், திரும்பியிருக்கிறது. இதைச் சரிசெய்யப் பின்னால் நின்று யோக்கைத் திருப்ப வேண்டும், ஆனால் பார்க்க வேண்டிய திரை முன்னால். பழைய டிவி மெக்கானிக்குகள் செய்கிற உபாயம்தான்: எதிரே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தேன். பின்னால் நின்று எட்டிப் பார்த்தால் கண்ணாடியில் 1920 ‘ஈ’யும் திரும்பி 3 மாதிரி தெரிகிறது, இடது வலதாகிவிடுகிறது, திருப்ப வேண்டிய திசை மண்டைக்குள் நேர் எதிராக வருகிறது. முதல் தடவை தப்பான பக்கம் திருப்பி இன்னும் சாய்த்தேன். ஒரு கை மட்டும் உள்ளே, மற்றது முதுகுக்குப் பின்னால், டியூபின் மேல் ஓடுகிற ரப்பர் மூடிக்கு அடியில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கிறது, அதை மறந்துவிட வேண்டாம். பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவர்தான். பத்து நிமிஷத்தில் நேராக்கி, கழுத்திலிருக்கும் இரண்டு காந்த வளையங்களைத் திருகி நடுவுக்குக் கொண்டுவந்தேன். இதை முன்பின் செய்யாதவர்கள் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், நான் சும்மா பயமுறுத்தவில்லை.

சுயசோதனை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு, வாங்குகிறவர்கள் ஏமாறுவது அங்கேதான். பெட்டிக்குத் தன் திரை தெரியாது. படம் சாய்ந்திருந்தாலும், மங்கிப்போயிருந்தாலும், டியூபே எரியாவிட்டாலும், உள்ளே இருக்கிற 8080 ‘எல்லாம் சரி’ என்றுதான் சொல்லும். கீபோர்டு இருக்கிறதா என்று கேட்கும், ஒவ்வொரு கீயும் வேலை செய்கிறதா என்று அதற்குத் தெரியாது, விரல் வைக்க அதற்கு விரல் கிடையாது. தொழிற்சாலைக்கு இது தெரிந்திருக்கிறது, அதனால்தான் சிப்பால் பார்க்க முடிந்ததைச் சிப்பிடம் விட்டுவிட்டு, மனிதக் கண்ணுக்கென்று அந்த ‘ஈ’யைத் தனியாக வைத்திருக்கிறார்கள். ‘போட்டுப் பார்த்தேன், கர்சர் வந்தது’ என்று விற்பவர் சொன்னால் அவர் பாதிச் சோதனைதான் செய்திருக்கிறார். ‘ஈ’ போட்டு ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்று கீ தட்ட மாட்டேன் என்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

அந்தப் படத்தில் இன்னொன்றும் தெரியும். அந்தக் காலத்து டெர்மினல்கள் பலவற்றில் டியூபின் முகத்துக்கு முன்னால் ஒரு பாதுகாப்புக் கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். அந்தப் பசை வயதானால் ஓரத்திலிருந்து அழுகி, பூஞ்சை பிடித்தது போல வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விடும், சேகரிப்பவர்கள் கண்புரை என்றுதான் சொல்கிறார்கள், பார்க்கவும் அப்படியே இருக்கும். சூடு காட்டி நிதானமாகக் கண்ணாடியைப் பிரித்துச் சுத்தம் செய்து திரும்ப ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். என் பெட்டியில் இடது கீழ் மூலையில் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது, நாலைந்து ‘ஈ’ பனிக்குள் இருக்கிற மாதிரி. கறுப்புத் திரைப் படத்தில் இது கண்ணுக்கே தெரியவில்லை.

கீபோர்டு எனக்குப் பிடித்திருக்கிறது, அழுத்தினால் உள்ளே இருக்கும் ஸ்பீக்கரில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும், கீயின் சத்தமே இல்லை, சத்தத்தை நடிக்கிறது. பெட்டியோடு சேர்வது ஹெட்ஃபோன் பிளக் மாதிரி ஒரே ஒரு தடிமன் பிளக்கில். முதல் தடவை பார்த்தபோது யாரோ மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அந்தப் பிளக்தான் எனக்கு இரண்டாவது பாடம் நடத்தியது. விடி100-இல் இன்னொரு கட்டளை உண்டு: எஸ்கேப், இடது சதுர அடைப்பு, 2, அரைப்புள்ளி, ஒரு எண், கடைசியில் சின்ன ‘ஒய்’. எண் எதுவோ அந்தச் சோதனை. 1 என்றால் பவர் போடும்போது நடக்கிற அதே சோதனை, 2 என்றால் சீரியல் தகவல் சோதனை, 4 என்றால் மோடம் கம்பிகளின் சோதனை, 8 என்றால் தோற்கும் வரை அல்லது கரண்டை அணைக்கும் வரை திரும்பத் திரும்பச் செய். வேண்டியதைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். 9 போட்டால் பெட்டி தன்னைச் சோதித்துக்கொண்டே இருக்கும், விளக்குகள் மின்னிக்கொண்டே இருக்கும். மின்னணுச் சாமான்கள் சாகிறது பெரும்பாலும் பிறந்தவுடன் அல்லது வயதானபின், நடுவில் சும்மா கிடக்கும். அதனால்தான் தொழிற்சாலைகள் புதுப் பெட்டியை உடனே அனுப்பாமல் மணிக்கணக்கில் சூடாக ஓடவிட்டு, சாக வேண்டியது அங்கேயே சாகட்டும் என்று பார்க்கும். அந்த ஓட்டத்துக்கு இப்படி ஒரு முடிவில்லாத சோதனை எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள்.

நானும் 9 போட்டுவிட்டு வேறு வேலை பார்த்தேன். அறையை விட்டுப் போகவில்லை, அந்த வயசுப் பெட்டியைத் தனியாக ஓடவிடுவது முட்டாள்தனம். ஒரு மணி நேரம் நன்றாக ஓடியது. இரண்டாவது மணி நேரத்தில் நின்றுவிட்டது, மூலையில் 4. கீபோர்டு இல்லை என்கிறது, கீபோர்டோ கண்ணெதிரே இருக்கிறது. அணைத்து ஆறவிட்டுப் போட்டால் 4 இல்லை. மறுபடி ஓடவிட்டால் மறுபடி சூடானதும் 4. பிளக் நுழைகிற சாக்கெட்டின் உள்ளே ஒரு தகடு கறுத்து, சூட்டில் கொஞ்சம் விலகி, தொடுவதை விட்டிருக்கிறது. ஆல்கஹாலில் துடைத்து, தகட்டை லேசாக வளைத்து விட்டேன். அப்புறம் ஐந்து மணி நேரம் ஓடவிட்டும் நிற்கவில்லை. ஒரு தடவை போட்டு அணைத்துப் பார்த்திருந்தால் இந்தக் கோளாறு ஜென்மத்துக்கும் தெரிந்திருக்காது, தட்டச்சு செய்யும்போது நடுவில் எழுத்து விழுகிறது என்று கேபிளையும் கணினியையும் திட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

சீரியல் சோதனைக்கு ஒரு லூப்பேக் பிளக் வேண்டும், அதாவது அனுப்புகிற முனையைப் பெறுகிற முனையோடு சேர்த்துக் கட்டிய பிளக். 25 முனைப் பிளக்கில் 2-ஐயும் 3-ஐயும் ஒரு கம்பியால் இணைத்தாலே தகவல் திரும்பி வரும், மோடம் கம்பிகளுக்குக் கையேட்டைப் பார்த்து இன்னும் சில இணைப்பு. மேலே சொன்ன பதில் வாசகத்தைப் படிக்கவும் இந்தப் பிளக் போதும். லூப்பேக் போட்டு, ஆன்லைனில் வைத்து, கன்ட்ரோலும் ‘ஈ’யும் சேர்த்துத் தட்டினால் ‘யார் நீ’ என்கிற குறி வெளியே போய்த் தன்னிடமே திரும்பி வரும், பெட்டி தனக்குத்தானே பதில் சொல்லித் திரையில் எழுதும்.

தினசரி உபயோகம் எப்படி என்று கேட்டால், 9600 பாட் வேகத்தில் ஒரு லினக்ஸ் பெட்டியோடு கட்டி வைத்திருக்கிறேன். நொடிக்கு 960 எழுத்து, முழுத் திரை நிரம்ப இரண்டு நொடி, எழுதுவதற்கும் கடிதம் படிப்பதற்கும் தாராளம். இதன் அழகு மெதுவாக வழுக்கி ஏறுகிற ஸ்க்ரோல், வரி வரியாகக் குதிக்காமல் திரை தண்ணீர் மாதிரி மேலே போகும், நொடிக்கு ஆறு வரி. அழகுக்கு விலை உண்டு. அத்தனை மெதுவாக ஏறும்போது கணினி 960 எழுத்து தள்ளினால் பெட்டியின் குட்டிக் கிடங்கு நிரம்பிவிடும். 64 எழுத்துதான் பிடிக்கும். 32 ஆனதுமே ‘நிறுத்து’ என்று குறி அனுப்புகிறது, ஆனால் நடுவில் இருக்கிற யூஎஸ்பி-சீரியல் அடாப்டர் தன் வயிற்றில் இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டுத்தான் நிற்கிறது. விளைவு, எழுத்துக்குப் பதிலாக அங்கங்கே சதுரங்கக் கட்டம் போல ஒரு குறி. தப்பு பெட்டியினுடையது இல்லை. வேறொரு அடாப்டர் மாற்றியதும் குறைந்தது.

தமிழ்? வராது, தெரிந்ததுதான். ஆனால் எப்படி வராமல் போகிறது என்பது அபாரம். யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், விடி100 ஒவ்வொரு பைட்டிலும் எட்டாவது பிட்டைக் கண்டுகொள்ளாது. எட்டாவது பிட் போனால் ‘அ’வின் கடைசி பைட் ‘யார் நீ’ என்கிற குறியாகிவிடுகிறது, பெட்டி உடனே பதில் வாசகத்தை அனுப்புகிறது. ‘இ’ அனுப்பினால் மணி அடிக்கும். தமிழ் ‘ஈ’யின் கடைசி பைட்டுக்குக் கர்சர் ஒரு இடம் பின்னால் நகரும். புள்ளி வைத்த எழுத்து ஒவ்வொன்றும் கர்சரை வரியின் தொடக்கத்துக்கே இழுத்துக்கொண்டு போய் விடும், ஆக ஒரு பத்தி தமிழை அனுப்பினால் மணி அடித்துக்கொண்டே, ஒரே வரியின் மேல் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே, இடையிடையே ‘நான் இன்னார்’ என்று கணினிக்குக் கூவிக்கொண்டே இருக்கும். முதல் தடவை வயிறு வலிக்கச் சிரித்தேன்.

இதே பணத்துக்கு வேறு என்ன வாங்கலாம் என்றால், 1983-இல் வந்த விடி220 மேசையில் குறைவான இடம் பிடிக்கும், உடம்பு லேசு, சோதனை முடிந்ததும் திரை நடுவில் ‘விடி220 ஓகே’ என்று மரியாதையாகச் சொல்லும். அதன் கீபோர்டில்தான் இன்றைய அம்புக்குறி கீகளின் தலைகீழ் ‘டி’ வடிவம் பிரபலமானது. தினமும் உபயோகிக்க என்றால் அதையே வாங்குங்கள் என்பேன். லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏடிஎம்-3ஏ டெர்மினல் பார்க்கக் கொள்ளை அழகு, ‘ஹெச்’, ‘ஜே’, ‘கே’, ‘எல்’ கீகளின் மேலேயே அம்புக்குறி வரைந்திருக்கும், விஐ என்கிற எழுத்துத் திருத்தும் நிரலில் நாம் இன்றும் விரல் வைக்கிற பழக்கம் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் கண்புரை அதில் சர்வசாதாரணம், பார்த்து வாங்க வேண்டும்.

மதிப்பெண் போடச் சொன்னால், விற்றவருக்கு ஐந்துக்கு ஒன்று, அதுவும் டியூப் உடையாமல் வந்ததற்காக. பெட்டிக்கு ஐந்துக்கு நாலரை. குறைத்த அந்த அரை, கனத்துக்காக. தூக்கி மேசை மாற்றி வைத்த அன்று இடுப்பு பிடித்துக்கொண்டது.

போன வாரம் மறுபடி ‘ஈ’ போட்டுப் பார்த்தேன். இடது ஓரம் ஸ்கேல் வைத்த மாதிரி நேர், நடுவில் கூர்மை, பனி மூட்டம் அதே நாலைந்து எழுத்தோடு நிற்கிறது. வலது கீழ் மூலையில் கடைசி ‘ஈ’யின் நடுக்கோடு மட்டும் கீழ்க்கோட்டோடு லேசாக ஒட்டுகிறது. ஃபோகஸ் திருகைத் தொட்டால் அந்த மூலை சரியாகிறது, நடுப்பகுதி மங்குகிறது. இரண்டு தடவை திருகிப் பார்த்துவிட்டு பின்மூடியை மாட்டிவிட்டேன்.